சுவரிலிருந்து உரித்த முகம்

அந்த வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் வார்டு ஆபீசிலிருந்து திரும்பியபோது செருப்பைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"நாளைக் காலையில சுவரு வெள்ளையா இருக்கணுமாம்" என்றார்.

"எந்தச் சுவரு?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"எந்தச் சுவரா? உன் சயாமா வரைஞ்ச சுவருதான். பெரிய அதிகாரி ஒருத்தர் தெருக்கோடி பௌத்த மடத்துக்குத் தானம் கொடுக்க வர்றாராம். அது மட்டும் இல்ல. எதிர்வீட்டுப் பையன் மூஞ்சி அதுல இருக்குன்னு யாரோ போய்ச் சொல்லிட்டாங்க. நாளைக்கு அது சுவத்துல தெரிஞ்சா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

அவர் எங்கள் தெருவின் பத்துவீட்டுத் தலைவர், பர்மாவில் அரசாங்கம் வைக்கிற பதவி. தலைவர் என்றதும் மாலை மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். பத்து வீட்டில் யார் தும்மினாலும் இவர் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். யாரும் முன்வராததால் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இவர் பெயர் வந்தது. எங்கள் அதிர்ஷ்டம் எப்போதும் அப்படித்தான், லாட்டரியில் வராது, இதில் வரும்.

தெரு முனையில் ஒரு பழைய அரிசிக் கிடங்கு இருக்கிறது. அதன் பக்கச் சுவரில்தான் எங்கள் தமிழ்த் தெருக்காரர்களின் முகங்கள் வரிசை வரிசையாக இருந்தன. கொரோனாவுக்கு முந்தின வருஷம் அமெரிக்காவிலிருந்து வந்த ஓவியர் செய்த வேலை அது. எழுபதை நெருங்கிய கறுப்பினப் பெண்மணி. நெடுநெடுவென்று உயரம், ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, மாடிப்படி ஏறினால் முழங்கால் கடகடவென்று சத்தம். பர்மியர்கள் ஆசிரியைகளையும் கலைஞர்களையும் கூப்பிடுவதுபோல நாங்களும் அவரைச் சயாமா என்றே கூப்பிட்டோம்.

எனக்குத் திரை அச்சுக் கடை. கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, டீ-ஷர்ட் எல்லாம் அடிப்பேன். கொஞ்சம் ஆங்கிலமும் வரும். அதனால் சயாமாவுக்கு உதவி செய்ய என்னைப் பிடித்தார்கள். முதல் நாள் டீக்கடையில் அவரைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா, நம்ம ஆள் என்று நினைத்து, தமிழிலேயே கேட்டார்: "எங்கருந்து வர்றீங்க? மாந்தலேயா? யாரு வீட்டுக்கு?" நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் சயாமா சிரிக்கவில்லை. அதற்குத் தமிழில் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். மறுநாளிலிருந்து யார் கேட்டாலும், "ஒங்க வீட்டுக்குத்தான்" என்பார்.

சந்தையில் அவரைப் பார்த்துக் காய்கறிக்காரி பக்கத்துக் கடைக்காரியிடம் ஒரு சொல் சொன்னாள். பர்மியர்கள் எங்களை இளக்காரமாகச் சொல்லுகிற அதே சொல். அது என்ன என்று சயாமா என்னை விடாமல் கேட்டார். மழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. சொன்னேன். வாங்கிய கத்தரிக்காயைத் திரும்பக் கூடையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "எங்களுக்கும் ஒண்ணு வச்சிருக்காங்க. அதைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் எங்கம்மாகிட்ட துணியை எடுத்துப் போடுவாங்க."

அவருடைய அம்மா ஓட்டல் ஒன்றில் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவர். சலவைச் சட்டை மடங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைப்பார்களே, மீந்துபோன அந்த அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவருவாராம். சின்ன வயசில் சயாமா அதில் படம் வரைந்து, கோடுகளைப் பிளேடால் வெட்டி எடுத்து, பூட்ஸ் பாலிஷைத் தடவிக் காகிதத்தில் அழுத்துவாராம். அவருடைய முதல் அச்சு அப்படித்தான் பிறந்தது. ஓவியப் பள்ளியில் இடம் கிடைத்தது. படித்து முடித்துப் படங்களைத் தூக்கிக்கொண்டு ஓவியக் காட்சிக்கூடங்களுக்குப் போனால், "இந்த முகங்களை யார் வாங்கி வீட்டில் மாட்டுவார்கள்?" என்று கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது இத்தனை வருஷம் கழித்தும் அவர் மூக்கு விடைத்தது. "யாரும் வாங்க வேண்டாம், போடா" என்று தெருவுக்கு வந்துவிட்டார். ஒரு முடிதிருத்துகிறவர் தன் கடையின் பக்கச் சுவரைக் கொடுத்தார். அதுதான் முதல் சுவர்.

பிறகு பள்ளிக்கூடச் சுவர், தேவாலயச் சுவர், ரயில் பாலத்தடிச் சுவர் என்று நாற்பது வருஷ வேலை. அதில் இன்று நிற்பது ஒன்றிரண்டுகூட இல்லை. முடிதிருத்தும் கடையை இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கினார்கள். பள்ளிக்கூடச் சுவருக்கு முன்னால் புதுக் கட்டடம் வந்தது. இன்னொன்றின் மேல் செல்போன் விளம்பரம். வேலை செய்துகொண்டே அவர் ஒவ்வொரு சுவரைப் பற்றியும் சொல்வார். எங்கள் அத்தைகள் இறந்துபோனவர்களைப் பற்றிப் பேசுவதும் அப்படித்தான் இருக்கும், அழுகை இல்லாமல், விவரமாக. "சுவர் நம்முடையது இல்லை. அதனாலதான் அச்சு" என்பார். எந்தச் சுவரைத் தொடங்கினாலும் முதலில் ஒவ்வொரு முகத்தையும் ரப்பர் போன்ற லினோலியத் தகட்டில் செதுக்கி அச்செடுப்பார். ஒரு பிரதி முகத்துக்குச் சொந்தக்காரருக்கு, ஒன்று தன் இழுப்பறைக்கு. வயசான பிறகு, முன்பு உள்ளே விடாத அருங்காட்சியகங்களே அந்த இழுப்பறைக்காக வரிசையில் வந்தன. அதில் அவருக்குப் பெரிய சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. பல் போன பிறகு முறுக்கு கிடைத்த கதைதான்.

அவர் வேலை செய்யும் முறை எங்களுக்குப் புதிது. சுவரில் நேரடியாக வரையவில்லை. மெல்லிய துணிச் சதுரங்களில் கோடு போட்டு, எங்கே எந்த நிறம் என்று குறித்துக் கொடுத்துவிட்டார். கோயில் கல்யாண மண்டபத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுத் தெருப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து வண்ணம் தீட்டினோம். சாரம் ஏற முடியாதவர்கள்கூட வரையலாம், அதற்காகத்தான் துணி என்றார். காய்ந்ததும் சுவரில் ஒட்டினோம். ஒரே ஒரு கட்டளை இருந்தது. அவரவர் வீட்டு முகத்தை அவரவர் வரையக் கூடாது. "சொந்தக்காரங்க அழகாக்கிடுவாங்க. அடுத்த வீட்டுக்காரங்கதான் உள்ளதை உள்ளபடி பார்ப்பாங்க."

எதிர்வீட்டு அக்கா அதைக் கேட்கவில்லை. அவருக்குக் கணவர் இல்லை, ஒரே மகன். பக்கத்தில் இருந்தவளிடம் துணியை மாற்றிக்கொண்டு மகனைத் தானே வரைந்துவிட்டார். பருக்கள் எல்லாம் காணாமல் போயின. மூக்கு கொஞ்சம் எடுப்பாக வந்தது. போதாததற்கு, கண் படாமல் இருக்கக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு. சயாமா குனிந்து பார்த்து, "இது என்ன, வண்ணம் சிந்திட்டுதா?" என்றார். திருஷ்டிப் பொட்டு என்று விளக்கினேன். வெகுநேரம் பார்த்தார். கட்டளை மீறியதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப எல்லாருக்கும் வைங்க" என்றார். சுவரில் இருந்த அத்தனை பேரும், போலீஸ் வேலையில் ஓய்வுபெற்ற மீசைக்காரத் தாத்தா உட்பட, கன்னத்தில் பொட்டோடுதான் இருந்தார்கள். போகிற வருகிற பர்மியர்களெல்லாம் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். நல்ல காலம் அது.

பிறகு ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. அக்காவின் மகன் அதை எதிர்த்து நடந்த ஊர்வலங்களுக்குப் போனான். ஒருநாள் காலையில் வெறும் தோள்பையோடு, "அக்கரை டாலாவுல மீன் மலிவா இருக்காம், வாங்கிட்டு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைக்குப் போனவன்தான், திரும்பவில்லை. இருக்கிறான் என்றும் சேதி இல்லை, இல்லை என்றும் சேதி இல்லை. வீடு வீடாகச் சோதனை வந்தபோது நாங்கள் எல்லோரும் போனில் இருந்த படங்களை அழித்தோம். சயாமா கொடுத்த அச்சுகளை அடுப்பில் போட்டோம். அக்கா தன் மகனின் அச்சைப் போடும்போது நான் கூடவே நின்றேன். பள்ளிக்கூடப் படம், பிறந்தநாள் படம், எல்லாம் அதே அடுப்பில் போயிற்று. ஆக, மகன் முகம் என்று அவருக்கு மிச்சம் இருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான். சாயங்காலம் குப்பை கொட்டப் போகிற சாக்கில் அங்கே கொஞ்ச நேரம் நிற்பார். கீழ் வரிசை என்பதால் முகம் சரியாக அவர் கண்மட்டத்தில் இருக்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் நானும் என் வீட்டுக்காரரும் சுண்ணாம்பு வாளியோடு போனபோது அவர் சுவரோடு சுவராக முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். யார் சொன்னார்களோ. எங்கள் தெருவில் சேதிக்கு மட்டும் மின்வெட்டு கிடையாது.

"மத்ததெல்லாம் அடிச்சுக்க. இவனைத் தொடாத" என்றார்.

"அக்கா, இவனுக்காகத்தான் அடிக்கவே சொல்றாங்க."

"நான் உசுரோட இருக்கப்ப எம்மவன் மேல சுண்ணாம்பு ஊத்துவியா? பொணத்து மேலதான்டி ஊத்துவாங்க."

என் வீட்டுக்காரர் கையைக் கூப்பினார். "அக்கா, சுவரு இருந்தாத்தான் சித்திரம்னு சொல்வாங்க. மனுசன் இருந்தாத்தான் மத்ததெல்லாம். என்னை நினைச்சுப் பாருங்க."

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நான் வாயை அடக்கத் தெரியாதவள், ஊருக்கே தெரியும். "உங்க மகன் மூஞ்சிக்காக என் புருசன் போகணுமாக்கா? அவரைக் கூட்டிட்டுப் போனா நான் எந்தச் சுவத்துல போய்ப் பாக்குறது?" என்று கத்திவிட்டேன். அக்கா முதுகை ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை.

டீக்கடை மூலையில் ஒரு ஆள் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு மாசமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது, அதாவது எல்லோருக்கும் தெரியும். ராணுவத்துக்கு உளவு சொல்லும் அந்த மாதிரி ஆட்களைத் தலான் என்போம். அவன் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தான். நான் உடனே குரலை இறக்கி, அக்காவிடம் வெயிலைப் பற்றிப் பேசுவதுபோல் பேசி, என் வீட்டுக்காரரை அங்கேயே நிறுத்திவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, வி.பி.என். போட்டு, சயாமாவைக் கூப்பிட்டேன். அங்கே நடுச்சாமம் இருக்கும். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். சுவர் போகிறதே என்று அழுவார், அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"வெள்ளை அடி" என்றார். "இன்னைக்கே அடி. ரெண்டு கோட்டு. என் சுவர் எதுவும் உன் புருசனுக்கு ஈடாகாது. என்ன பேசிட்டு நிக்கிற?"

"அக்கா நகர மாட்டேங்கிறாங்க சயாமா. அவங்ககிட்ட வேற படமே இல்ல. உங்க இழுப்பறையில..."

"இருக்கு. அச்சு இருக்கு. நாளைக்கே அனுப்பலாம். ஆனா அது நான் பண்ணது. இது அவ பண்ணது." பிறகு கேட்டார்: "எந்த வரிசை?"

"கீழ் வரிசை."

"நான் கொண்டுவந்த பசை மேல் ரெண்டு வரிசையோட தீர்ந்துபோச்சு. கீழே எல்லாம் நீ தச்சர் கடையில வாங்கின வெள்ளைப் பசை. அது வெந்நீருக்கு இளகும். ஈரத்துண்டைச் சுடச்சுடப் போட்டு வை. கத்தி எடுக்காத. மேல் மூலையிலருந்து வா. அவசரப்பட்டா கிழியும்." நான் சரி என்றேன். போனை வைக்குமுன் அவர் சொன்னார்: "என் சுவரைக் காப்பாத்தச் சொல்லலம்மா. புரியுதா? துணியை அவகிட்ட குடு."

பேசினதற்கான அடையாளத்தைப் போனிலிருந்து அழித்தேன்.

மழை வருமுன் வேலையை முடிக்கிறோம் என்ற பாவனையில் சுவரின் முன் தார்ப்பாயைக் கட்டினோம். தெருப் பெண்கள் கெட்டில் கெட்டிலாக வெந்நீர் கொண்டுவந்தார்கள். பார்ப்பவர்களுக்கு வேலையாட்களுக்கு டீ வருவதுபோல் இருக்கும். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டு முகங்களும் அந்தச் சுவரில்தான் இருந்தன. அவற்றைப் பற்றி ஒருத்தி வாயைத் திறக்கவில்லை.

முதல் துண்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவது துண்டை எடுத்தபோது மேல் மூலை லேசாகப் பொங்கியிருந்தது. தோசைத் திருப்பியை உள்ளே நுழைத்தேன். நெற்றி வந்தது. அக்கா துணியின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் வெந்நீரை ஊற்ற ஊற்ற அவர் மெல்ல மெல்ல இழுத்தார். புருவம் வந்தது, கண் வந்தது.

அப்போதுதான் தார்ப்பாய்க்கு வெளியே அந்தத் தலானின் குரல் பர்மியத்தில் கேட்டது. "எதுக்கு மூடி வச்சுக்கிட்டுச் செய்றீங்க?"

என் வீட்டுக்காரர், வார்டு ஆபீசிலிருந்து செருப்போடு வீட்டுக்குள் வந்த அதே மனுஷர், தார்ப்பாயை ஒரு பக்கமாக விலக்கித் தலையை நீட்டினார். "சுண்ணாம்புங்க. கண்ணுல தெறிச்சா பார்வை போயிடும். பாக்கணுமா? வாங்களேன்" என்றார். நான் சட்டென்று மட்டையைச் சுண்ணாம்பில் முக்கிச் சுவரில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். தெறித்த சுண்ணாம்பு அவன் கைலியில் விழுந்தது. அவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். எங்கள் வீட்டுக்காரர் தார்ப்பாயைச் சாத்திவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை.

மூக்கும் வாயும் முழுசாக வந்தன. இடது காது மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் துணி கிழிந்து, காது சுவரிலேயே தங்கிவிட்டது. அக்கா நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

"அக்கா, விடுங்க. நேரமில்ல."

"காது இல்லாம எப்படிடி?"

"நீங்க கூப்பிட்டா அவனுக்கு ஒரு காதுலயே கேக்கும். விடுங்க!"

விட்டார். துணியைச் சுருட்டித் தன் வெந்நீர்க் கெட்டிலைச் சுற்றிய துண்டுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகுமுன் எங்கே ஒளிப்பது என்று பேசினோம். நான் ஒரு யோசனை சொன்னேன். பர்மியப் பெண்கள் கட்டுகிற கைலியைத் தமேன் என்பார்கள். பர்மிய ஆண்கள் கொடியில் காயும் தமேனுக்குக் கீழே நுழைய மாட்டார்கள், கையால் தொடவும் மாட்டார்கள். தொட்டால் ஆணுக்கு உரிய மகிமை குறைந்துவிடும் என்று நம்பிக்கை. நாங்கள் எல்லோரும் இங்கே தமேன்தான் கட்டுகிறோம். "பழைய தமேன் ஒண்ணுக்கு உள்பக்கமா வச்சுத் தச்சுக் கொல்லையில காயப் போட்டுடுங்க. எவனும் கிட்ட வரமாட்டான்" என்றேன். அக்கா தலையாட்டினார்.

நாங்கள் சுண்ணாம்பு அடித்தோம். பெயிண்ட் மேல் சுண்ணாம்பு நிற்காது என்று தெரியும், அதனால் பசை கலந்துதான் அடித்தேன். ஆனாலும் மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சுண்ணாம்பு காயும்வரை வெளுக்காது. வெள்ளிக்கிழமை விடிந்து பார்த்தால் சுவரில் முகங்கள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன, கொசுவலைக்குள் படுத்திருப்பவர்களைப்போல. என் மாமியார், மீசைக்காரத் தாத்தா, டீக்கடைக்காரரின் குழந்தைகள், எல்லோரும். கீழ் வரிசையில் ஒரு சதுரம் மட்டும், அடியில் படம் இல்லாததால், பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு காது.

திரும்ப மட்டையை எடுக்க நேரம் இருக்கவில்லை. பெரிய அதிகாரிக்கு முன்னால் சோதனைக்காக ஒரு வண்டி வந்துவிட்டது. சீருடையில் இரண்டு பேர், சாதாரண உடையில் ஒருவர். சாதாரண உடைக்காரர் போனில் எங்கள் சுவரின் பழைய படத்தை வைத்திருந்தார். யாரோ எப்போதோ முகநூலில் போட்ட படம். அதைப் பார்த்து வரிசை வரிசையாக விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். வெள்ளைச் சதுரத்தில் விரல் நின்றது.

"இங்க இருந்தவன் எங்க?"

"காரை உப்பிப்போச்சுங்க. சுரண்டி எடுத்துட்டோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லாரையும் விட்டுட்டு இவன் காரை மட்டும் உப்பிச்சா?"

சாதாரண உடைக்காரர் என் வீட்டுக்காரர் தோளில் கை வைத்தார். அடிப்பதற்கு இல்லை, சும்மா வைத்தார். என் உயிர் அந்தக் கைக்கு அடியில் இருந்தது. "அந்தப் பையன் வீடு எது?" என்று கேட்டார். தலான் முந்திக்கொண்டு கையைக் காட்டினான்.

எல்லோரும் போனோம். அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் குனிந்த மாதிரி. உள்ளே பெட்டியைக் கவிழ்த்தார்கள், பாயை உதறினார்கள், அரிசிப் பானைக்குள் கையை விட்டார்கள். சாமிப் படங்களைத் திருப்பிப் பார்த்தார்கள். நான் கொல்லைக் கதவு வழியாகக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு தமேன் தொங்கின. அதில் பழையது அந்த அரக்குச் சிவப்புதான். நடுவில் கொஞ்சம் கனமாகத் தொங்குவதுபோல் எனக்குப் பட்டது. தாயே, காற்றில் திரும்பிவிடாதே, திரும்பிவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

சீருடைக்காரன் ஒருத்தன் கொல்லைக்கு வந்தான். இருபது வயசுகூட இருக்காது. கொடியைப் பார்த்தான். அதைக் கடந்தால்தான் விறகு அடுக்கி வைத்திருந்த கொட்டகைக்குப் போகலாம். துப்பாக்கி முனையைத் தூக்கினான், விலக்கப் போகிறான் என்று நினைத்தேன். என்ன தோன்றியதோ, இறக்கிவிட்டான். சாக்கடையில் இறங்கி, சேறு கணுக்கால் வரை ஏற, சுற்றிக்கொண்டு போனான். விறகைக் கலைத்தான். அதே சாக்கடை வழியாகத் திரும்பி வந்தான். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

வாசலில் சாதாரண உடைக்காரர் அக்காவுக்கு மிக அருகில் நின்றார். ஒரு முழம்கூட இடைவெளி இல்லை.

"மகன் எங்க?"

"மீன் வாங்கப் போனான்" என்றார் அக்கா பர்மியத்தில். "இன்னும் வரல."

அவர் அக்காவின் முகத்தையே பார்த்தார். அக்கா கண்ணைத் தாழ்த்தவில்லை. தெருவில் பெரிய அதிகாரியின் வண்டிகள் ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டது. சாதாரண உடைக்காரர் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போகணும். ஒரு திங்கக்கிழமை தவறினாலும் நாங்க வருவோம்" என்று சொல்லிவிட்டு ஓடினார். இன்று வரைக்கும் என் வீட்டுக்காரர் திங்கட்கிழமை தோறும் போய்க்கொண்டிருக்கிறார். அன்றைக்கு நாங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைப்பது அவர் திரும்பி வந்த பிறகுதான்.

வண்டிகள் போய்த் தெரு அடங்கியதும் நான் நேராகக் கொல்லைக்கு ஓடினேன். அரக்குச் சிவப்புத் தமேனைக் கொடியிலிருந்து உருவி உள்பக்கம் திருப்பினேன். ஒன்றும் இல்லை. அடுத்ததைத் திருப்பினேன். அதிலும் இல்லை. நாலையும் திருப்பிவிட்டேன். அந்தச் சின்னப்பயல் எடுத்துவிட்டானோ, தலான் எடுத்தானோ என்று கண்டபடி ஓடியது மனசு.

"எங்கக்கா? எங்க வச்சீங்க?"

அக்கா கொல்லைக் கதவைச் சாத்தினார். கட்டியிருந்த தமேனின் இடுப்பு முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினார். உள்ளே, வயிற்றுத் தோலோடு ஒட்டி, பழைய துணிப் பட்டையால் இறுக்கிக் கட்டியபடி அது இருந்தது. மகனின் நெற்றி தெரிந்தது. தார்ப்பாய்க்குள் நான் ஓங்கி அடித்தபோது துணியில் தெறித்த சுண்ணாம்பு பட்டு வயிறு முழுக்கச் செக்கச்செவேலென்று வெந்து, இரண்டு இடத்தில் கொப்புளம் போட்டிருந்தது. இதை வைத்துக்கொண்டுதான் அந்த ஆளுக்கு ஒரு முழத்தில் நின்று பதில் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "பைத்தியமா உங்களுக்கு? தொட்டுத் தடவிப் பாத்திருந்தா என்ன ஆயிருக்கும்? கொடியில போடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"போடத்தான் போனேன். மனசு வரலடி" என்றார் அக்கா. பட்டையை அவிழ்க்காமல் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டார். "பத்து மாசம் இருந்த எடம். இங்கன்னா பயப்பட மாட்டான்."